கல்யாணப் படங்களில் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

ஐந்நூறு, ஆயிரம் பேர் கூடும் மண்டபக் கல்யாணத்தைப் படம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இதைத் தொழிலாகச் செய்பவராக இருக்கலாம். "நல்ல கேமரா வைத்திருக்கிறாயே, நீயே எடுத்துவிடு" என்று சித்தப்பா பொறுப்பை ஒப்படைத்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். படத்தில் குறை தெரிந்தால் எல்லோரும் முதலில் லென்ஸைச் சந்தேகப்படுகிறார்கள். கல்யாண வீட்டில் பெரும்பாலும் காரணம் வேறு எங்கோ இருக்கும்: நாம் நின்ற இடம், வெளிச்சம் போட்டவரிடம் பேசாமல் விட்டது, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு வைக்காதது. மண்டபத்திலேயே சரிசெய்யக் கூடியவற்றை முதலில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்போது தெரிபவை பின்னால் வரும்.

அறிகுறி: படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள்

பட்டையை நன்றாகப் பாருங்கள். அதன் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும்.

பிளாஷ் அடித்த படங்களில் மட்டும், ஒரே ஓரத்தில், அடர்ந்த கறுப்பாக ஒரு பட்டை இருந்தால் ஷட்டர் வேகம் பிளாஷுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். பெரும்பாலான கேமராக்களில் அந்த எல்லை 1/200 அல்லது 1/250 நொடி. கம்பியில்லாமல் பிளாஷை இயக்கும் ரேடியோ டிரிகர் வைத்து ஒதுக்குப்புறத்தில் பிளாஷ் நிறுத்தியிருந்தால் 1/160-க்கு இறங்கிவிடுவது நல்லது.

பிளாஷ் இல்லாத படங்களில், மங்கலாக, படத்துக்குப் படம் இடம் மாறும் பட்டை என்றால் எல்இடி விளக்குகளே காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பட்டை போய்விடும். 1/125, 1/200 என்று ஏறினால் திரும்ப வரும். வேகம் கட்டாயம் வேண்டும் என்றால் கேமராவின் மெனுவில் ஃபிளிக்கர் தடுப்பு வசதி இருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்; அது 50-ஐ விட்டுச் சற்று விலகி ஓடினாலும் பட்டை எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரை. மெல்லிய கோடுகள் நெருக்கமாகத் தெரிந்தால் அதுதான். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மணமக்களைத் திரையிலிருந்து நான்கைந்து அடி முன்னால் வரச் சொல்லி, லென்ஸின் துளையான அப்பர்ச்சரை அகலத் திறந்தால், திரையில் நெளியும் அலைக்கோலமும் மறையும்.

அறிகுறி: முகங்கள் ஊதாவாக, பச்சையாக, நீலமாக

மேடையைச் சுற்றி நிற ஒளி வீசும் பார் லைட்டுகளின் வேலை இது. அடர்ந்த நீல ஒளி முகத்தில் விழுந்தால் சிவப்பு, பச்சை என்ற மற்ற இரு வண்ணங்களிலும் விவரமே பதிவாகாது. கணினியில் எவ்வளவு முயன்றாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் அந்தப் படத்தைக் காப்பாற்றலாம்.

ஆகவே இதற்கு மருந்து முந்தின நாள் மாலையிலேயே இருக்கிறது. விளக்குகளைக் கட்டுகிறவர் மேடையில் வேலை செய்துகொண்டிருப்பார். நேரே போய்ப் பேசுங்கள். "அண்ணே, தாலி கட்டும் நேரத்தில் மட்டும் முன்பக்க விளக்குகளை வெள்ளையில் நிறுத்துங்கள், பின்பக்கம் உங்கள் விருப்பம்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கன்ட்ரோலர் யார் கையில் இருக்கும் என்பதையும் அவர் போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாலை நான்கரை மணி முகூர்த்தத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

நலங்கில் வேறு வகையான நிறக் கோளாறு வரும். மஞ்சள் பூசிய முகம், மஞ்சள் புடவை, சாமந்திப் பூத் தோரணம் என்று எங்கும் மஞ்சளாக இருக்கும்போது நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை ஒளியின் நிறம் என்று நினைத்து நீலத்துக்கு இழுத்துவிடும். தோல் சாம்பல் பூத்துத் தெரியும். நலங்கு வெயிலில் நடந்தால், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவை 5200 முதல் 5500 கெல்வின் வரை ஏதாவதொன்றில் கையால் நிறுத்திவிடுங்கள்.

பிளாஷை மேலே திருப்பிக் கூரையில் அடிப்பவர்கள் கூரையைப் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். மண்டபக் கூரை முப்பது அடியில் இருந்தால் ஒளி திரும்பி வராது. ரோஸ் நிறத் துணி கட்டியிருந்தால் ரோஸாகத்தான் திரும்பும்.

அறிகுறி: படம் கலங்கலாக இருக்கிறது

"ஃபோகஸ் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். படத்தைப் பெரிதாக்கித் தெளிவான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். முன்வரிசையில் இருப்பவரின் புடவைச் சரிகை தெளிவாக இருந்து பின்வரிசை முகங்கள் மட்டும் கலங்கியிருந்தால், தெளிவாக விழும் ஆழம் போதவில்லை. குத்துவிளக்கும் வாழைமரமும் தெளிவாக இருந்து கைகள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. எல்லாமே மங்கிப் பால் படிந்தாற்போல் இருந்தால் கீழே சொல்லும் புகையோ ஈரமோதான்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், நான்கு மீட்டர் தூரம், அப்பர்ச்சர் எஃப் 1.8 என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். நாற்காலியில் ஒரு வரிசை, நின்று ஒரு வரிசை, படியில் ஒரு வரிசை என்றால் அது போதவே போதாது. அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 5.6-க்குப் போனால் இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஒளி குறைகிறதே என்று தயங்காமல், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பெரியப்பா முகம் கலங்கினால் சொல்வார்கள். முப்பது பேர் நிற்கும் படத்துக்கு 35 மில்லிமீட்டர் வைத்துப் பின்னால் போங்கள். 24-க்கும் கீழே இறங்கினால் ஓரத்தில் நிற்பவர்கள் அகன்று தெரிவார்கள். வழக்கமாக அங்கே நிற்பவர்கள் மருமகள்கள், அவர்களுக்கு அது வருத்தத்தையே தரும்.

ஈரத்தைப் பற்றி: மாப்பிள்ளை அறையில் ஏசி ஓடும். அங்கிருந்து வியர்வையும் ஆவியுமாக இருக்கும் கூடத்துக்கு வந்ததும் குளிர்ந்த லென்ஸில் பனி படியும். கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையில் போட்டு மூடி, தேவைப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கூடத்தில் வைத்துவிடுங்கள்.

ஹோமப் புகையில் கேமரா மேலிருந்து நேரே பிளாஷ் அடித்தால் புகைதான் பளிச்சென்று தெரியும், முகம் மங்கும். பிளாஷைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். சன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் பிளாஷே வேண்டாம்.

அறிகுறி: தாலி கட்டும் படம் கிடைக்கவில்லை

இந்த ஒன்றுக்குத்தான் நிதானமாக இடம் ஒதுக்க வேண்டும். கல்யாணத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். இதற்குக் கிடைக்காது.

வழக்கமாக நடப்பது இது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சாஸ்திரிகள் விரலை உயர்த்துகிறார். நாகஸ்வரமும் தவிலும் ஒரே பாய்ச்சலாக எழுகின்றன. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து முன்னால் வருகிறார்கள். அட்சதை பறக்கிறது. கேமரா ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் ஓடுகிறது. கிடைத்த படத்தில் ஒரு மாமாவின் முதுகும் மூன்று போன்களும் இருக்கின்றன.

அந்தக் குரல் வந்தபின் இடம் தேடினால் முடிந்தது. அதற்கு முன்பே ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். மாங்கல்யத்தைத் தட்டில் தேங்காய் மேல் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபை முழுக்கக் கொண்டுபோவார்கள். அட்சதையும் அப்போதுதான் கைக்குக் கை போகும். தட்டு மேடையை விட்டு இறங்கியதும் பேட்டரியையும் கார்டையும் மாற்றுங்கள், பாதி மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள். தட்டு திரும்பி வரும்போது நீங்கள் உங்கள் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

எந்த இடம்? அதைச் சாஸ்திரிகளிடமே முன்கூட்டிக் கேளுங்கள். பெண் எந்தப் பக்கம் உட்காருவாள், அப்பா மடியில் உட்காருவாளா, மாப்பிள்ளை எழுந்து நின்று கட்டுவாரா, உட்கார்ந்தே கட்டுவாரா என்பதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பணிவாகக் கேட்டால் "இந்தத் தூண் பக்கம் நில்லுங்கள், நான் மறைக்க மாட்டேன்" என்று அவரே இடம் சொல்வார். ஒருவர் முன்னால், தாழ்வாக, பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் கைகளும் தெரியும்படி. இன்னொருவர் பக்கவாட்டில், பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனாரும் பெண்ணின் பெற்றோரும் தெரியும்படி. பல குடும்பங்களில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுகிறார், மற்றவற்றை அவருடைய சகோதரி முடிக்கிறாள். பக்கவாட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்த நாத்தனாருக்கு ஆல்பத்தில் இடமே இருக்காது. மூன்றாவது ஆள் இருந்தால் மாடியில் நிறுத்துங்கள்.

கூட்டத்தை நீங்கள் விலக்க முடியாது, விலக்கவும் கூடாது. அது அவர்கள் வீட்டுக் கல்யாணம். குரலுக்கு மதிப்புள்ள ஒரு மாமாவிடம் முந்தின நாளே சொல்லி, மேடைப் படியருகில் நிற்கச் செய்யுங்கள். "உட்காருங்கள், எல்லோருக்கும் தெரியும்" என்று அவர் ஒரு முறை சொன்னால் போதும்.

கேமரா அமைப்பு: முகத்தைத் தானாகத் தேடும் வசதி இந்த நேரத்தில் சாஸ்திரிகளின் முகத்துக்கோ உயர்ந்த கைகளுக்கோ தாவலாம். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, பெண்ணின் கண்ணில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஷட்டர் 1/250 இருந்தால் அட்சதை பெரும்பாலும் அரிசி அரிசியாக நிற்கும். 1/60-இல் கோடுகளாக ஓடும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் நினைவகம் நிரம்பி, முடிச்சு விழும் நொடியில் நின்றுபோகும். ரா, ஜேபெக் என்ற இரண்டு கோப்பு வடிவங்களிலும் சேர்த்துப் பதிவதை அந்த நேரத்துக்கு நிறுத்திவிட்டு, மூன்று நான்கு படங்களாக விட்டுவிட்டு எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறிவிட்டால்? தாலியை மறுபடி கட்டுவதுபோல் பிடிக்கச் சொல்லாதீர்கள். சிலர் கேட்கிறார்கள், சில குடும்பங்கள் சங்கடத்தோடு ஒப்புக்கொள்கின்றன. படத்துக்காக அதைத் திரும்ப நடிக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நாத்தனாரின் முடிச்சு இன்னும் இருக்கிறது. வகிட்டில் குங்குமம் வைப்பது இருக்கிறது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் அம்மா இருக்கிறார். கேமராவை இறக்காமல் அவற்றை எடுங்கள்.

அறிகுறி: வரவேற்பில் ஒன்றுவிட்டு ஒரு படம் இருட்டு

பிளாஷ் மறுபடி நிரம்புவதற்குள் அழுத்துகிறீர்கள். முழு வலிமையில் அடிக்காமல் கால் பங்குக்கு இறக்கி ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றுங்கள். சாதாரண அல்கலைன் செல்களைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் விரைவாக நிரப்பும். திடீரென்று பிளாஷ் முழுவதுமாக நின்றால் சூடேறியிருக்கிறது. இரண்டாவது பிளாஷை மாட்டிவிட்டு அதை ஆறவிடுங்கள்.

அறிகுறி: குரூப் போட்டோவில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார்

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. இருபது பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுங்கள். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோரும் கண் திறந்திருப்பார்கள். பதினைந்து பேருக்கு ஐந்து படம். அது அதிகமில்லை.

அறிகுறி: முக்கியமான உறவினர் ஒரு படத்திலும் இல்லை

ஆல்பம் கொடுத்தபின் வரும் போன் அழைப்புகளில் மிகவும் கனமானது இதுதான். "தாய்மாமன் தனியாக நிற்கும் படம் எங்கே?" சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தவர், மாலை போட்டவர், ஆனால் நமக்கு அவர் கூட்டத்தில் ஒருவராகத்தான் தெரிந்திருக்கிறார். நிறக் கோளாறைக் கொஞ்சமாவது திருத்தலாம். எடுக்காத முகத்தைத் திருத்த வழியில்லை.

வீட்டுக்கு ஒருவராக இரண்டு வீட்டிலும் ஆளைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது ஓர் அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருக்கும். யார் யாருக்கு என்ன முறை, யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், யார் சாப்பிட்டதும் பஸ் பிடிக்க ஓடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கால் மணி நேரம் அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பெயரைவிட உறவு முறையை எழுதுவது உதவும்: பெண்ணின் தாய்மாமன் குடும்பம், மாப்பிள்ளையின் பெரிய அத்தை, பங்காளிகள், சம்பந்திகள் சேர்ந்து. மேடையிலிருந்து அப்படியே கூப்பிடலாம், வர வேண்டியவர்கள் வருவார்கள்.

அப்போதே இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டு வையுங்கள்: பேசிக்கொள்ளாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? பத்து வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பியைத் "தோள்மேல் கை போடுங்கள் ஐயா" என்று சபை நடுவே சொல்லிவிடக் கூடாது.

வரிசையில் முதியவர்கள் முதலில். நாற்காலி போட்டு உட்காரவைத்து எடுத்து அனுப்பிவிடுங்கள். அடுத்து கைக்குழந்தை உள்ளவர்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்குவதற்கு முன்னாலுள்ள நேரம்தான் உங்களுடையது. இலை போட்டாகிவிட்டது என்ற சொல் பரவினால் மேடை காலியாகிவிடும்.

சிலர் கூப்பிட்டாலும் மேடை ஏற மாட்டார்கள். கணவரை இழந்த பாட்டி, "நான் எதற்கு, நீங்கள் எடுங்கள்" என்று கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவார். அவரை வற்புறுத்தி மேலே அழைத்து நாலு பேர் பார்வைக்கு ஆளாக்க வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அம்மி மிதித்து அருந்ததி பார்த்து முடிந்து மணமக்கள் இறங்கும்போது, "பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போங்கள். இருவரும் காலில் விழுவார்கள், அவர் கை இரண்டு தலைமேலும் போகும். உங்கள் பட்டியலில் இதை எழுதி வைத்துவிடுங்கள், மறந்துபோகும்.

பெண்ணின் அம்மாவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து தாம்பூலப் பையும் சாவிக்கொத்துமாக ஓடிக்கொண்டிருப்பார், எடுத்த படங்களிலெல்லாம் பாதி உடம்பாகத்தான் இருப்பார். முகூர்த்தத்துக்கு முன், பெண்ணின் அறையில், தலையில் பூ வைத்துவிடும் நேரத்தில் அவரைப் பிடித்துவிடுங்கள்.

அறிகுறி: பந்திப் படங்கள் ஒன்றும் சரியில்லை

வாய்க்குக் கை போகும்போது எடுக்காதீர்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறிக்கொண்டு வரும்போது எடுங்கள், முகங்கள் நிமிர்ந்திருக்கும். பரிமாறுகிறவர்களையும் எடுங்கள், பாதிப் பேர் உறவினர்கள்தான்.

அறிகுறி: முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம்

இனி வீட்டில் தெரிபவை. இது கேமராவின் பிழையே அல்ல. கணினியில் முகத்தை வெளுக்கவைத்ததால் வந்தது. மாநிறமான பெண்ணை மாவு பூசிய முகத்தோடு ஆல்பத்தில் ஒட்டுவது அவளுக்குச் செய்யும் அநியாயம். முப்பது வருடம் கழித்து அவள் மகள் பார்க்கப்போவதும் அந்த முகத்தைத்தான். கேட்காமலே வெளுக்கவைப்பதை விட்டுவிடுங்கள். கேட்டால், திருத்தாத படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

முகம் உண்மையிலேயே இருண்டு விழுந்திருந்தால் காரணம் வெள்ளைப் பட்டு வேட்டி. வெள்ளை அதிகமாக இருக்கும் காட்சியில் கேமரா ஒளியைக் குறைத்துவிடும். எடுக்கும்போதே முகத்தை அளந்து, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை ஒளியைக் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி). அரக்குக் கூரைப்புடவைக்கு இதன் நேர் எதிர்: சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து நெசவு தெரியாமல் போகும். மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரில் முட்டினால் சற்றே குறைத்து, ராவில் எடுங்கள்.

அறிகுறி: ஆல்பத்தில் தாலி கட்டியபின் மாலை மாற்றுகிறார்கள்

மாலை மாற்றியது தாலிக்கு முன்பே நடந்திருந்தால், இரண்டு கேமராக்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. கெட்டிமேளம்போல் இரண்டிலும் பதிவான ஒரே நொடியைக் கண்டுபிடித்து, இடைவெளியை அளந்து, ஒரு கேமராவின் எல்லாப் படங்களுக்கும் நேரத்தை மொத்தமாக நகர்த்துங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. அடுத்த கல்யாணத்துக்கு எல்லாக் கேமராக்களையும் முந்தின நாள் போன் கடிகாரத்தோடு ஒத்துவையுங்கள்.

அறிகுறி: கார்டு திறக்கவில்லை

"ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உடனே கார்டை வெளியே எடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதை அழிக்கும். கார்டைப் படிக்கும் ரீடரை மாற்றிப் பாருங்கள், பல நேரம் கோளாறு அதில்தான் இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் மீட்பு மென்பொருளை ஓட்டி, மீண்ட படங்களை வேறு டிஸ்கில் சேமியுங்கள். அதற்கும் வராவிட்டால் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள், நீங்களாக மேற்கொண்டு எதையும் முயல வேண்டாம். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைப்பதும், மண்டபத்திலிருந்து வந்த இரவே இரண்டு டிஸ்குகளில் பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வைப்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை. குடும்பம் ஆல்பத்தைக் கையில் வாங்கி, முழுக்கப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை கார்டுகளை அழிக்காதீர்கள்.